பிள்ளைகளைக் கூட்டி வந்த அக்கா

யாராவது அழுதுகொண்டு வந்தால் அக்கா "என்ன ஆச்சு?" என்று கேட்டதே இல்லை. "எங்க?" என்றுதான் கேட்பார். புருஷன் அடித்ததைச் சொல்ல வந்தவர்கள், அப்பா குடித்துவிட்டுச் சாத்தியதைச் சொல்ல வந்தவர்கள், சொல்லவே முடியாத ஒன்றைத் தொண்டையில் அடக்கிக்கொண்டு வந்தவர்கள், எல்லோரும் அந்தக் கேள்வியில் ஒரு கணம் தடுமாறுவார்கள். கதையைச் சொல்லத் தயாராக வந்தவரிடம் போய் இடத்தைக் கேட்டால் என்ன சொல்வது?

"எங்கன்னா... வீட்லதான்கா."

"எந்த வீடு? எந்த லயம்? அடுப்படியா, வாசலா? கதவுக்கு உள்ளயா, வெளியவா?"

நிலம் அளக்க வந்தவரைப் போல, தோட்டத்து வரிசை வீடான லயம்வரை துருவித் துருவிக் கேட்பார். பதில் கிடைத்ததும் ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். அழுதவர் பின்னால் போக வேண்டியதுதான்.

கோலசிலாங்கூரில் ஒரு கடைவீட்டு மாடியில் எங்கள் சபை. கீழே டயர் கடை. எழுபது வயதுக்காரர்கள்கூட அவரை அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். அவருக்கு அப்போது அறுபது இருக்கும். பெயர் எனக்குத் தெரியும். அவர் இருந்தவரை யாரும் அதைச் சொல்லி அழைத்ததில்லை என்பதால் இப்போது நான் மட்டும் எழுதுவது சரியாகப் படவில்லை. காலையில் சுங்கை செம்பிலாங்கில் ஒரு சீன முதலாளித் தவுக்கேயின் கொட்டகையில் இறால் தலை கிள்ளுவார். மதியத்துக்கு மேல் பழைய மோட்டார் சைக்கிளில் ஊர் சுற்றுவார். எலுமிச்சைத் தோலைப் போட்டு எவ்வளவு தேய்த்தாலும் கையில் இறால் வாடை போகாது. அந்தக் கையைத் தலையில் வைத்து ஜெபித்தார் என்றால் வீட்டுக்குப் போய்த் தலை குளித்தாக வேண்டும். நானும் முணுமுணுத்துக்கொண்டே குளித்திருக்கிறேன். அவர் கர்த்தரிடம் போய் இரண்டு வருஷம் ஆகிறது. இப்போது மார்க்கெட்டில் இறால் கூடை பக்கம் போனால் கால் தானாக நின்றுவிடுகிறது.

காயத்தைப் பற்றி அவர் வைத்திருந்த எண்ணம் விசித்திரமானது. காயம் மனிதருக்குள் இல்லை என்பார்.

"நீ வளந்து, கல்யாணம் கட்டி, லோரி ஓட்டிக்கிட்டுத் திரியற. அடி வாங்குன பிள்ள அங்கயே நிக்கிதுலா. யாரும் வந்து கூப்பிடலயே, எப்படி வரும்? நம்மதான் போய்க் கூட்டிட்டு வரணும். பயப்படாத. இயேசப்பா அதோட கையப் பிடிச்சிக்கிட்டுதான் நிக்கிறாரு. அவருக்கு நேத்து இன்னிக்குன்னு எதுவும் கிடையாது. அவர்கிட்டேருந்து பிள்ளய வாங்கிக்கிறது மட்டுந்தான் நம்ம வேல."

இதை அவர் தஞ்சோங் காராங் லோரி டிரைவர் ஒருவரிடம் சொல்லும்போது நான் பக்கத்தில் சபைக்கு நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்தேன். அந்த மனிதருக்கு ஒன்பது வயதிருக்கும்போது அப்பா அவரைக் கயிறு கட்டிக் கிணற்றுக்குள் இறக்கிவிட்டுச் சோறு தின்னப் போய்விட்டாராம். நாற்பது வயதிலும் தூக்கத்தில் கத்துவார். பகலில் தன் பிள்ளைகள் மீது கை நீளும். அவரை மோட்டாரின் பின்னால் ஏற்றிக்கொண்டு அக்கா போனார். லயம் இருந்த இடமெல்லாம் இப்போது செம்பனை, எண்ணெய்ப் பனை மரங்கள். கிணற்றின் மேல் சிமெண்டுப் பலகை போட்டு மூடியிருந்ததாம். அதன் மேல் உட்கார்ந்து ஜெபித்துவிட்டுத் திரும்பினார்கள்.

திரும்பியதை நானே பார்த்தேன். மாமாக் கடை என்று சொல்லும் தமிழ் முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில் ரொட்டி சானாய் வாங்க நின்றுகொண்டிருந்தேன். அக்காவின் மோட்டார் வந்து நின்றது. டிரைவர் பின்சீட்டின் நுனியில், விழுந்துவிடுவார் போல உட்கார்ந்திருந்தார். இருவருக்கும் நடுவில் ஒரு பிள்ளை உட்காரும் அளவுக்கு இடம். அந்த இடத்தை இடிக்காமல் இருவரும் அலுங்காமல் இறங்கினார்கள்.

"பாய், மூணு மைலோ."

கடைக்காரர் நாகூர்ப் பக்கத்துக் குடும்பம். அப்பா காலத்திலிருந்து இங்கே கடை. "ரெண்டு பேருதானே இருக்கீங்க?" என்றார்.

"மூணு. ஒண்ணு சூடு கம்மியா."

மூன்றாவது டம்ளர் காலி நாற்காலியின் முன்னால் இருந்தது. அரைமணி நேரம் யாரும் அதைத் தொடவில்லை. பிறகு அக்கா டம்ளருக்குள் எட்டிப் பார்த்து, "குடிச்சிட்டான். எடுத்துக்குங்க பாய்," என்றார். டம்ளர் நிறைய மைலோ இருந்தது. பாய் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் வேலையாளிடம் கொடுக்காமல் தானே எடுத்துப் போய்க் கொல்லைக் கால்வாயில் ஊற்றினார். ஏன் பாய் என்று கேட்டேன். "குடிச்சது போக மிச்சம் என்ன இருக்குன்னு நமக்குத் தெரியாதுமா. என் பையன்களுக்கு அதக் குடுக்க மாட்டேன்," என்றார்.

அந்த டிரைவர் பிறகு தூக்கத்தில் கத்தவில்லை என்று அவர் மனைவி சபையில் எழுந்து சாட்சி சொன்னார். பிள்ளைகள் அப்பாவின் மடியில் ஏற ஆரம்பித்துவிட்டார்கள் என்று சொல்லும்போது அழுதுவிட்டார். எல்லோரும் கை தட்டினோம். கை தட்டும்போது எனக்கு முதுகு சில்லிட்டது. பாஸ்டருக்கும் இதெல்லாம் உள்ளூரப் பிடிக்கவில்லை. "அக்கா, உட்கார்ந்த இடத்துல ஜெபிச்சாலும் ஆண்டவர் கேட்பாரு," என்று ஒருமுறை பக்குவமாகச் சொல்லிப் பார்த்தார். "அவரு கேட்பாரு பாஸ்டர். பிள்ளைக்குக் கேக்காதே," என்றார் அக்கா. பாஸ்டர் அதற்குமேல் மூக்கை நுழைக்கவில்லை.

சபையில் கடைசி வரிசையில் அக்கா வழக்கமாக உட்காரும் நாற்காலிக்குப் பக்கத்தில் யாரும் உட்கார மாட்டோம். காலியாக இருக்கிறதா இல்லையா என்று நிச்சயமாகத் தெரியாதே.

"உங்களுக்கு அப்படி எங்கயாச்சும் இருக்காக்கா?" என்று ஒருநாள் விளையாட்டாகக் கேட்டேன். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவர் திரும்பாமலே, "எனக்கு ஒண்ணும் இல்லலா. ஆண்டவரு என்னப் பெருக்கித் துடைச்சு வச்சிட்டாரு," என்றார். சொல்லிவிட்டு, கழுவிய டம்ளரையே மறுபடி கழுவினார்.

என் கதையையும் கொஞ்சம் சொல்ல வேண்டும். அது இல்லாமல் அக்காவைச் சொல்ல முடியாது.

என் மகளை முதலாம் ஆண்டில் சேர்த்தோம். முதல் நாள் எல்லா அம்மாக்களும் தமிழ்ப்பள்ளி கேட்டில் நின்று கையசைத்துவிட்டுப் போனார்கள். நான் எதிரே காரில் உட்கார்ந்தேன். பள்ளி விடும் ஒரு மணிவரை உட்கார்ந்திருந்தேன். மறுநாளும் அப்படியே. காரை எடுக்கலாம் என்று சாவியைத் திருகினால் கை நடுங்கும், மூச்சு முட்டும். பல் கிளினிக்கில் பார்த்த வேலை போனது. அதுகூடப் பரவாயில்லை. மகள் பலகையைப் பார்க்காமல் என் காரையே ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். வகுப்பிலேயே மூத்திரம் போனாள். ஆசிரியை என்னைக் கூப்பிட்டு, "நீங்க அங்க இருக்கிறதப் பார்த்துதான் பிள்ள பயப்படுது. அம்மாவே காவல் இருக்காங்கன்னா உள்ள ஏதோ ஆபத்துன்னு நெனைக்குது," என்றார். அவர் சொன்னது நியாயம். நியாயம் தெரிந்து என்ன பயன்?

என் கணவர் பொறுமைசாலி. அவருக்கே பொறுமை போய்விட்டது. "பள்ளி லீவு வரைக்கும் பாக்கறேன். அதுக்கப்புறம் பாப்பாவ சுங்கை ஆயர் தாவார்ல எங்கம்மா வீட்ல விட்டுப் படிக்க வைக்கப் போறேன்," என்றார். மனிதர் கத்தவில்லை. அதனால்தான் செய்துவிடுவார் என்று தெரிந்தது. என் மகளை என்னிடமிருந்து எடுத்துவிடப் போகிறார்கள், அதுவும் என்னால்.

மறுநாளே அக்காவிடம் போனேன். "எங்க?" என்றார்.

"ஆயாக் கொட்டகை."

தோட்டத்தில் வேலைக்குப் போகிறவர்கள் பிள்ளைகளை விட்டுப் போகும் கொட்டகை அது. ஈஜோக் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் நான் பிறந்தேன். ஐந்து வயதில் ஒரு காலை என் அம்மா என்னை அங்கே விட்டுவிட்டு, ரவாங் பஸ் ஏறிப் போனவர் வரவில்லை. மற்ற அம்மாக்கள் வந்து பிள்ளைகளைக் கூட்டிப் போனார்கள். கடைசியில் நான் மட்டும் இருந்தேன். சாயங்காலம் அப்பா வந்து ஒரு வார்த்தையும் பேசாமல் தூக்கிக்கொண்டு போனார். அம்மாவைப் பற்றி அவர் அதன்பிறகும் பேசவில்லை.

ஒரு மத்தியானம் மூன்று மணிக்குக் கிளம்பினோம். வழி சொன்னது நான்தான். லயங்களை இடித்துப் பல வருஷமாகிவிட்டது. செம்பனை வந்த பிறகு தோட்டத்துக்கு அடையாளமே கிடையாது. எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே வரிசை, ஒரே நிழல். பாலம், அப்புறம் மேடு, மேட்டில் தண்ணீர்த் தொட்டி என்று ஞாபகத்தில் இருந்ததைச் சொல்லிக்கொண்டே வந்தேன். தொட்டியின் கால்கள் மட்டும் நின்றன. அதற்குப் பின்னால் செம்பனை மட்டைகளுக்கு அடியில் ஒரு சிமெண்டுத் தரை கிடைத்தது.

"இதான்கா."

காற்று இல்லை. பறவைச் சத்தமும் இல்லை. அக்கா என் தலையில் கை வைத்து ஜெபித்தார். பிறகு, "கண்ண மூடிக்க. யாரு நிக்கிறா?" என்றார்.

நான் இதையெல்லாம் நம்பாமல்தான் போனேன். சத்தியமாகச் சொல்கிறேன், கண்ணை மூடியதும் ஒரு பிள்ளை நின்றது.

"பாப்பா நிக்கிதுக்கா."

"எப்படி இருக்கு?"

"மொட்டைத் தலையா இருக்கு."

எனக்கு அந்த வயதில் இடுப்புவரை முடி. கண்ணுக்குள் வருவதற்கெல்லாம் கணக்குப் பார்க்கக் கூடாது என்று நினைத்து, இருந்ததைச் சொல்லிவிட்டேன். அந்தப் பிள்ளை ஒரு கையை உயரத் தூக்கி வைத்திருந்தது. அதையும் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் என் தலைமேல் இருந்த கை விலகியது. கண்ணைத் திறந்தேன். அக்கா தரையைப் பார்த்தார், தொட்டிக் கால்களைப் பார்த்தார். முகத்தில் இரத்தமே இல்லை.

"கூட்டிக்கிட்டு வா," என்றார். குரல் எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. வழக்கமாகத் திரும்பும்போது பாட்டுப் பாடிக்கொண்டு வருவாராம். அன்று பாடவில்லை. மாமாக் கடையிலும் நிறுத்தவில்லை.

என் பயம் துளிகூடக் குறையவில்லை. அதோடு வேறு சில பழக்கங்களும் ஒட்டிக்கொண்டன. கைப்பையில் கைவிட்டால் பாதி பாதியாக உடைத்த பிஸ்கட். எப்போது வைத்தேன் என்று தெரியாது. தலையணைக்கு அடியில் ஒரு நாள் காய்ந்த ரொட்டித்துண்டு கிடந்தது. யாராவது தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்டால் ஓடிப்போய்த் திறந்துவிடுவேன். நான் எதெதற்கோ பயந்திருக்கிறேன், தாழ்ப்பாளுக்குப் பயந்ததே இல்லை. ஒரு சனிக்கிழமை கணவர் என்னைத் தேடி வந்தபோது சமையலறைக் கதவுக்குப் பின்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தேனாம். "அம்மா, நீ ஏன் தலையத் தடவிக்கிட்டே இருக்க? முடி இருக்கான்னு பாக்கறியா?" என்று மகள் கேட்டாள்.

அக்காவைக் கேட்கலாம் என்றால் அவர் என் கண்ணில் படவில்லை. ஞாயிற்றுக்கிழமையும் இறால் கொட்டகையில் வேலை என்று சொல்லியனுப்பினார். போனை எடுக்கவில்லை. ஊர்ப் பிள்ளைகளையெல்லாம் தேடிப் போய்க் கூட்டி வந்தவர் என்னை மட்டும் இப்படிக் கைகழுவிவிட்டாரே என்று எனக்கு ஆத்திரம் பொங்கியது.

எங்கள் லயத்தில் பக்கத்து வீட்டில் இருந்த கிழவி ஒருத்தி இப்போது டவுனில் பங்சா என்ற அடுக்குமாடி வீட்டில் இருக்கிறாள். ஒரு ஞாயிறு மாலை அவளைப் பார்க்கப் போனேன். பேச்சோடு பேச்சாக, ஆயாக் கொட்டகைத் தரையைப் போய்ப் பார்த்ததைச் சொன்னேன்.

"சிமெண்டுத் தரையா? நம்ம டிவிஷன்ல ஏதுடி சிமெண்டு? நம்மளது பலகைத் தரை. கால் வச்சுத் தூக்கிக் கட்டுனது. அடியில கோழி மேயும்."

சொன்னதும் ஞாபகம் வந்துவிட்டது. அம்மா வராத அன்று நான் பலகை இடுக்கு வழியாகக் கோழிகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நீ கீழ் டிவிஷனுக்குப் போயிருக்க. கம்பெனிக்காரன் தோட்டத்த ரெண்டு டிவிஷனாப் பிரிச்சு, ரெண்டையும் ஒரே பிளான்ல கட்டுனான். அதே பாலம், அதே மேடு, அதே தண்ணித் தொட்டி. கொட்டகைத் தரை மட்டுந்தான் வேற. அந்தக் காலத்துலயே புது ஆளுங்க வழி தப்பி எதிர் டிவிஷன் லயத்துல போய்ப் படுத்துக்குவாங்க." கிழவி சிரித்துவிட்டு நிறுத்தினாள். "அந்த சிமெண்டுக் கொட்டகைலதான் ஒரு பாவம் நடந்துச்சு. அப்ப நான் கல்யாணமாகி வந்த புதுசு. ஒரு பிள்ளைக்குப் பேன் இருக்குன்னு ஆயா மொட்டை அடிச்சு, மத்த பிள்ளைங்களோட சேரக் கூடாதுன்னு பின்கட்டுல வச்சுத் தாழ்ப்பாளப் போட்டா. சாயங்காலம் மறந்துட்டு வீட்டுக்குப் போயிட்டா. அடுத்து ரெண்டு நாள் லீவு. அப்பங்காரன், பிள்ள ஆயா வீட்ல இருக்குன்னு நெனச்சான். ஆயா, அவன் வந்து தூக்கிட்டுப் போயிட்டான்னு நெனச்சா. மூணாம் நாள் தொறந்தப்ப ஒரு பிஸ்கட் டின்னக் கட்டிப் பிடிச்சிக்கிட்டு நின்னுச்சாம். அழவே இல்லையாம்."

"அந்தப் பிள்ள என்ன ஆச்சு?"

"என்ன ஆச்சா? மோட்டாரு ஓட்டிக்கிட்டு உங்க சபைக்குத்தானே வருது."

திங்கட்கிழமை காலை மகளைக் கேட்டில் விட்டுவிட்டு வழக்கமான இடத்தில் காரை நிறுத்தினேன். கை தானாகப் பைக்குள் போய் ஒரு பிஸ்கட்டை எடுத்தது. எனக்கு எரிச்சலாக வந்தது. யாருடைய பிள்ளையோ என் பையில் பிஸ்கட் ஒளித்துக்கொண்டிருக்கிறது. அதற்குச் சொந்தக்காரியோ எனக்கு ஒளிந்துகொண்டு இறால் தலை கிள்ளிக்கொண்டிருக்கிறாள். நல்ல நியாயம்! காரைக் கிளப்பினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட வேண்டும் என்று வார்த்தைகளை அடுக்கிக்கொண்டே ஓட்டினேன். ஜெரம் என்ற ஊர்ப் பலகையைப் பார்த்தபோதுதான் மகளை விட்டுவிட்டு வந்திருக்கிறேன் என்பது உறைத்தது. ஓரமாக நிறுத்தினேன். கை நடுங்கவில்லை. மூச்சும் சரியாக இருந்தது. நம்ப முடியாமல் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்துவிட்டு மறுபடி ஓட்டினேன்.

இறால் கொட்டகையில் ஏழெட்டு இந்தோனேசியப் பெண்களுக்கு நடுவில் முக்காலியில் அக்கா உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து பின்பக்கம் ஐஸ் பெட்டிகளுக்கு இடையில் போய் நின்றுகொண்டார். திட்ட வந்த எனக்கு அவர் நின்ற விதத்தைப் பார்த்ததும் அடுக்கி வைத்த வார்த்தைகள் மறந்துபோயின. சுவரோடு ஒட்டி நின்றிருந்தார்.

"உங்க பிள்ள எங்கிட்ட இருக்குக்கா," என்றேன்.

"தெரியும்."

"தெரிஞ்சுமா வரல?"

"எனக்குப் பயமா இருந்துச்சுலா." கையுறையைக் கழற்ற முயன்றார். ஈரத்தில் ஒட்டிக்கொண்டு வரவில்லை. "அத்தன பேர்கிட்டயும் சொன்னேன், அவரு அங்க நிக்கிறாருன்னு. போய்ப் பாத்தா நின்னாரு. எல்லாப் பிள்ளைக்கும் நின்னாரு. என்னோட எடத்துக்கு மட்டும் நான் போகல. போய்ப் பாத்து, அங்க மட்டும் அவரு இல்லாம இருந்தா? அதுக்கப்புறம் நான் யார்கிட்ட போவேன் சொல்லு." மிகவும் சின்னக் குரலில் கேட்டார். "நீ பாத்தியே. இருந்தாராடி?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அந்த முகத்தைப் பார்த்துப் பொய் சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை. பார்த்ததை மட்டும் சொன்னேன்.

"அவர நான் பாக்கலக்கா. பிள்ளைய மட்டுந்தான் பாத்தேன். அது ஒரு கைய மேல தூக்கி வச்சிருந்துச்சு. பெரியவங்க கையப் பிடிச்சா பிள்ளைங்க தூக்கி வச்சிருக்குமே, அப்படி. அது கைய எறக்கவே இல்ல."

"எந்தக் கை?"

"எடது."

அக்கா தன் இரண்டு கைகளையும் பார்த்தார். "சோத்துக் கையில டின்னு இருந்துச்சு," என்றார். சொல்லிவிட்டு அந்த ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

சபையில் என்னை ஜெபிக்கச் சொன்னால் பாத்ரூமுக்குப் போய்விடுகிற ஆள் நான். அன்று ஜெபிக்க வேறு யாரும் இல்லை. இறால் தண்ணீரில் மண்டியிட்டு அவர் தலையில் கை வைத்தேன். "ஆண்டவரே, இது என் பிள்ள இல்ல. வழி தெரியாம மாத்திக் கூட்டிட்டு வந்துட்டேன். சொந்தக்காரங்க இங்க இருக்காங்க. குடுத்துருங்க," என்றேன். எனக்குத் தெரிந்த ஜெபம் அவ்வளவுதான். அக்கா மடியை விரித்துக் கைகளை நீட்டினார். வெறும் கைகள்தான். மெதுவாக, மெதுவாக அவை பாரம் ஏறியது போலக் கீழே இறங்கின. தோள் சரிந்தது. என் உச்சந்தலையில் இத்தனை நாள் ஊறிக்கொண்டிருந்த அரிப்பு நின்றது. எதிரே இருந்த இந்தோனேசியப் பெண் கத்தியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வெளியே போனாள்.

எனக்குரிய இடத்துக்கு, மேல் டிவிஷனுக்கு, பிறகு ஒரு நாள் அக்காவோடு போனேன். பலகைத் தரை செல்லரித்து மண்ணாகிப் போயிருந்தது. கண்ணை மூடினேன். யாரும் நிற்கவில்லை. செம்பனைதான் நின்றது. "அது நம்மளுக்கு முன்னாடியே கெளம்பிருச்சு போல," என்று அக்கா ரொம்ப சாதாரணமாகச் சொன்னார். எப்போது கிளம்பியது என்று எனக்கும் ஒரு ஊகம் இருக்கிறது. ஜெரம் பக்கம் காரை ஓரமாக நிறுத்தினேனே, அப்போது பின்கதவைப் பூட்டியிருக்கவில்லை; அப்போதே ஏறியிருக்கும்.

இறால் கொட்டகையில் ஜெபித்த அந்தத் திங்கட்கிழமை, அக்கா எழுந்திருக்க மணிக்கணக்காயிற்று. மடியை விட்டுக் கைகளை எடுக்க மாட்டேன் என்றார். அவசரப்படுத்த எனக்கு மனம் வரவில்லை. மணியைப் பார்த்தபோது ஒன்றுக்குப் பத்து நிமிஷம்தான் இருந்தது. எப்படி ஓட்டினாலும் நேரத்துக்குப் போய்ச் சேர முடியாது. "நானும் வரேன்," என்று அக்கா ரப்பர் பூட்ஸோடு பின்சீட்டில் ஏறிக்கொண்டார். வழி முழுக்க என் மகளைத்தான் நினைத்தேன். எல்லாப் பிள்ளைகளும் போயிருப்பார்கள். கடைசியில் அவள் மட்டும் நிற்பாள். நான் எந்தப் பிள்ளையாக நின்றேனோ அந்தப் பிள்ளையாக அவளை நானே நிற்க வைத்துவிட்டேன். ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "ஆண்டவரே, அவ கையையும் பிடிச்சுக்குங்க," என்று சத்தமாகச் சொன்னேன். பின்னாலிருந்து ஆமென் வந்தது.

பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தபோது ஒன்றரை. கேட்டில் காவல்கார ஜாகா மட்டும் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். என் மகள் அவருக்கு முன்னால் மண்ணில் கட்டம் போட்டு, இன்னொரு பிள்ளையோடு நொண்டி அடித்துக்கொண்டிருந்தாள். சட்டையெல்லாம் புழுதி. காரைப் பார்த்ததும் ஒற்றைக் காலிலேயே நின்று, இடுப்பில் கை வைத்து முறைத்தாள்.

"அதுக்குள்ள ஏம்மா வந்த? நான் ஜெயிக்கப் போறேன்!"

எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்து இரண்டும் சரியாக வரவில்லை. பின்சீட்டிலிருந்துதான் சிரிப்புச் சத்தம் கேட்டது. அத்தனை வருஷப் பழக்கத்தில் அக்கா வாய்விட்டுச் சிரித்து நான் கேட்டதில்லை. அறுபது வயதுக் குரலில் அந்தச் சிரிப்பு இல்லை. மகள் ஆட்டத்தை விட்டுவிட்டுக் கார் ஜன்னலில் மூக்கை ஒட்டி உள்ளே பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "நீயும் விளையாட வரியா?" என்று கேட்டாள். அக்கா பூட்ஸைக் கழற்றினார்.